எதிர்க் கம்பெனிக்காரி

எங்கள் வீட்டில் ஒரே சட்டி மீன்குழம்பை இரண்டு எதிரிக் கம்பெனிகள் பங்கு போட்டுச் சாப்பிட்டன. அக்கா ஒரு கம்பெனி, நான் ஒரு கம்பெனி. பினாங்கின் பாயான் லெப்பாஸில் இரண்டும் ஒரே ரோட்டில், எதிரும் புதிருமாக நின்றன. அவளுடைய கேட்டிலிருந்து ஒரு கல்லை எறிந்தால் எங்கள் ஜாகாவின் தலையில் விழும். ஜாகா என்றால் இங்கே காவலாளி. இரண்டு கம்பெனிகளும் கம்ப்யூட்டருக்கு மூளை செய்தன. செய்தன என்று சொல்வதுகூடப் பெரிய பேச்சுதான். மூளை வெளிநாட்டிலிருந்து வட்டத் தகடாக வரும். அதை வெட்டி, ஒட்டி, மூடி, சுட்டு, சோதித்துத் திருப்பி அனுப்புவதுதான் பினாங்குக்காரர்களுக்குக் கொடுத்திருந்த வேலை.

அக்கா பாரம் ஃபைவ், அதாவது பதினோராம் வகுப்பு, முடித்த கையோடு, எண்பதுகளின் ஆரம்பத்தில் உள்ளே போனவள். முதலில் தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து சிப்பில் ஒட்டினாள். பிறகு ஒட்டுகிற வேலையை மெஷின் எடுத்துக்கொண்டது. மெஷின் ஒட்டியது சரியா என்று அதே மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் வேலை அவளுக்கு வந்தது. ஆகமொத்தம் பதின்மூன்று வருஷம் இரண்டு குழாய்க்குள் கண்ணை வைத்திருந்தாள். நான் பாரம் த்ரீயோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். உண்மையைச் சொன்னால், பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது. ஹெட்மாஸ்டரின் நாற்காலியில் பலாப்பழப் பாலைத் தடவியது நான் இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன். யாரும் நம்புவதில்லை.

எங்கள் கம்பெனியில் எனக்குச் சோதனை அறை. அடுப்பில் வெந்து வந்த சிப்புகளை மெஷினில் கொட்டினால் அது மூன்று தட்டுகளாகப் பிரித்துத் தரும். கொஞ்சமாகக் கரண்டைக் குடித்து, சூடாகாமல் ஓடுபவை லேப்டாப் தட்டுக்குப் போகும். வேகமாக ஓடினாலும் சூடு தாங்காதவை மேசைக் கம்ப்யூட்டருக்கு. எதற்கும் ஆகாதவை சாவிக்கொத்தில் மாட்டும் பொம்மைக்கு. தொண்ணூறுகளின் நடுவில் எல்லாரும் லேப்டாப், லேப்டாப் என்று பறந்த காலம். மேனேஜர் காலையில் வந்தால் அந்த ஒரு தட்டைத்தான் எட்டிப் பார்ப்பார். எங்கள் முகத்தைப் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

கேண்டீன் வாசலில் ஒரு பலகை வைத்திருந்தார்கள். அட்டையில் வெட்டிய இரண்டு ரேஸ் கார்கள் அதில் ஓடும். சிவப்பு நாங்கள், பச்சை எதிர்க் கம்பெனி. மாதத்துக்கு ஒருமுறை ஆபீஸிலிருந்து ஆள் வந்து காரை நகர்த்திவிட்டுப் போவார். சிவப்பு எப்போதும் ஒரு சாண் முன்னால் இருக்கும். அக்காவிடம் பெருமையடித்தேன். அவர்கள் கேண்டீனிலும் அதே மாதிரி ஒரு பலகை இருப்பதாகவும், அதில் பச்சைதான் முன்னால் ஓடுவதாகவும் சொன்னாள்.

சாப்பாட்டு நேரம் எங்களுக்குச் சண்டை நேரம்.

"உங்க சிப்ப மடியில வச்சா மடி வெந்துருதாமே? ஒரு வெள்ளக்காரனுக்கு வேட்டி பத்திக்கிச்சாம்லா," என்பேன்.

"வெள்ளக்காரன் எங்கடா வேட்டி கட்டுறான்? உங்க சிப்பு பேட்டரிய குடிக்கிற குடிக்கு, மூடியத் தொறந்து பாக்குறதுக்குள்ள மெஷினு படுத்துரும்."

"போடி எதிர்க் கம்பெனிக்காரி."

"நீதான்டா எதிரு. நாங்க மொதல்லயே அங்க இருக்கோம்."

அம்மா கரண்டியைச் சட்டியில் தட்டுவாள். "ஏய், ரெண்டு பேரும் அந்த லேப்டாப்ப கண்ணால பாத்திருக்கீங்களா, இல்லையா?"

பார்த்ததில்லை. அவள் சிப்பைப் பார்த்திருந்தாள், நான் தட்டைப் பார்த்திருந்தேன். முழு லேப்டாப்பை இரண்டு பேரும் விளம்பரத்தில்தான் பார்த்திருந்தோம்.

கண்ணை வைத்தும் அவளைக் கேலி செய்தேன். பஸ் வரும்போது நம்பர் என்ன என்று என்னைக் கேட்பாள். வேண்டுமென்றே தப்பான நம்பரைச் சொல்வேன். ஒருமுறை ஆயர் ஈத்தாமுக்குப் போக வேண்டியவள் தெலுக் பஹாங் வரைக்கும் போய்விட்டு வந்தாள். வந்து என் முதுகில் நாலு வைத்துவிட்டு, அவளே சிரித்தாள். ஊசியில் நூல் கோக்க முடியாமல் ஊசியையும் நூலையும் என்னிடம் நீட்டுவாள். "பாத்தியாம்மா, குருட்டுக் கம்பெனி," என்பேன். கண்ணாடி போட்டுக்கொள் என்று அம்மா சொன்னால் மட்டும் அவளுக்குக் கோபம் வரும். அவள் லைனில் யாரும் கண்ணாடி போடுவதில்லை. போட்டவர்களை மறுநாளே பெட்டி கட்டுகிற பக்கம் தள்ளிவிடுவார்கள் என்று ஒரு பயம். அப்படி யாரைத் தள்ளினார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பயம் மட்டும் பதின்மூன்று வருஷமாக இருந்தது.

அந்த வருஷம் ஒருநாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவள் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்தாள்.

"பழைய லைன மூடுறாங்க," என்றாள். "வருஷக் கடைசில வேற நாட்டுக்குப் போகுது. புதுசா லேப்டாப் லைன் போடுறாங்க. பழைய ஆளுங்கள்ல இருந்துதான் எடுப்பாங்களாம்."

"அப்ப நீ போவ. வேற என்ன?" என்றாள் அம்மா.

"கண்ணு டெஸ்ட்டு இருக்கும்மா. பாஸானா புது லைனு. இல்லாட்டி லெட்டரு."

லெட்டர் என்றால் எங்கள் ரோட்டில் ஒரே அர்த்தம்தான். நாளை முதல் வர வேண்டாம்.

அவளுக்கு அப்போது முப்பத்தொரு வயது. மைக்ராஸ்கோப்பைப் பார்ப்பதைத் தவிர வேறு எந்த வேலையும் செய்ததில்லை. அந்த வேலை தின்றுவிட்டு மிச்சம் வைத்த கண்ணை வேறு எந்தக் கம்பெனி எடுத்துக்கொள்ளும்? அதோடு அவளுக்கு ஓர் ஆசையும் வந்துவிட்டிருந்தது. புது லைனில் அவளை டிரெய்னராகப் போடலாம் என்று சூப்பர்வைசர் வாய்விட்டுச் சொல்லியிருந்தார்.

"நின்னுக்கிட்டு வேலடா," என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். "குழாய்ல கண்ண வைக்கவே வேணாம். புதுப் பிள்ளைங்களுக்கு எப்படிச் செய்யணும்னு சொல்லிக் குடுத்தா போதும். டெஸ்ட்டு மட்டும் தாண்டிட்டேன்னா..."

இதற்கு முந்தைய டெஸ்ட்டுகள் ஒன்றும் டெஸ்ட் இல்லை. பேக்டரியின் மருந்து அறையில் ஒரு பலகை தொங்கும். முள்கரண்டி மாதிரி மூன்று பல் வைத்த ஓர் உருவம் அதில் வரிவரியாக இருக்கும், மேலே பெரியதாக, கீழே போகப் போகச் சின்னதாக. பல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கையால் காட்ட வேண்டும். பத்து வருஷமாக அதே பலகை. புதிதாகச் சேரும் பெண்ணுக்கு முதல் வாரமே லாக்கர் அறையில் வைத்து, அந்த வரிசையைத் தோளில் தட்டிச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். மேலே, கீழே, இடது, வலது என்று அது ஒரு பாட்டாகவே ஆகிவிட்டிருந்தது. மலாய், சீன, தமிழ்ப் பெண்கள் எல்லாருக்கும் பொதுவாக ஒரே ஒரு பாட்டு அந்தக் கம்பெனியில் இருந்ததென்றால் அது அதுதான்.

இந்தத் தடவை பாட்டு உதவாது. லேப்டாப் சிப்பில் எல்லாமே இன்னும் பொடி. வாங்குகிறவன் கண்டிப்பாகக் கேட்டிருந்தான். அதனால் டெஸ்ட்டை வெளியே ஒரு கிளினிக்குக்குத் தள்ளிவிட்டார்கள். பாயான் பாரு கடைவரிசையில், மாடியில் இருந்த சின்னக் கிளினிக். பெயரைக் கேட்டதும் சிரித்துவிட்டேன். எங்கள் கம்பெனியும் எங்களை அங்கேதான் அனுப்பும். எதிரிகள் இரண்டு பேருக்கும் டாக்டர் ஒருத்தர்தான்.

"எக்கா, எனக்கும் அங்கதான் டெஸ்ட்டு. ஒனக்கு முன்னாடியே," என்றேன். "பலகைய அப்படியே சுட்டுக்கிட்டு வர்றேன், பாரு."

"வேணாம்டா. நீ கைய வச்சா வெளங்காது."

"எங்க கம்பெனி வேல லா. ரிஜெக்ட்டே கெடையாது."

கிளினிக்கின் கண் பார்க்கும் அறை ஒரு கழிப்பறை அளவுதான். இடம் பத்தாததால் பலகையை நம் தலைக்குப் பின்னால் சுவரில் மாட்டி, எதிரே ஒரு நிலைக்கண்ணாடியை வைத்திருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியில் தெரியும் பலகையைப் பார்த்துக் கையைக் காட்ட வேண்டும். என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. கடகடவென்று காட்டி முடித்தேன். நர்ஸ் கையில் இருந்த அட்டையைப் பார்த்துப் பார்த்து டிக் போட்டாள். வெளியே போன் அடித்தது. எழுந்து போனாள்.

நான் துள்ளி எழுந்தேன். பின்னால் திரும்பி, மூக்கு முட்டும் தூரத்தில் நின்று, பலகையின் கடைசி மூன்று வரிகளையும் உள்ளங்கையில் அம்புக்குறியாக வரைந்துகொண்டேன். மேல் வரிகள் பெரியவை, அவை அவளுக்கே தெரியும். கடைசி மூன்றுதான் வேண்டும். நர்ஸ் திரும்பி வந்தபோது கையை மடக்கிக்கொண்டு பச்சைப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடத்தில்கூட அத்தனை கவனமாக நான் ஒன்றையும் பார்த்து எழுதியதில்லை.

அதன்பிறகு இரண்டு வாரம் எங்கள் வீடே ஒரு பள்ளிக்கூடமாகிவிட்டது. அக்கா காங்கோங் கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள், நான் முள்கரண்டியைத் தூக்கிக்கொண்டு எதிரே நிற்பேன். "மேல, வலது, வலது, கீழ, இடது," என்று கையாலேயே காட்டுவாள். தப்பினால் கரண்டியால் மண்டையில் ஒரு தட்டு. அவள் எனக்குத் தட்டிய கணக்கையெல்லாம் தீர்த்துக்கொண்டேன். அம்மாவுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. சோற்றை வடித்துக்கொண்டே, "இப்ப இடதுடி," என்பாள்.

டெஸ்ட்டுக்கு முந்தைய நாள் அக்கா கேட்டாள். "டேய், சரியாத்தானடா எழுதுன?"

"குவாலிட்டி செக் பண்றியா?"

"வெளயாடாத. எனக்கு இது போச்சுன்னா ஒண்ணும் இல்லடா."

"சாமி சத்தியமா சரியாத்தான்க்கா எழுதுனேன்."

சரியாகத்தான் எழுதியிருந்தேன். அதில் ஒரு பிழையும் இல்லை.

மறுநாள் மத்தியானம் அவள் வந்தபோது நான் வாசலிலேயே நின்றிருந்தேன். செருப்பைக் கழற்றினாள். உள்ளே போய்த் தண்ணீர் குடித்தாள். சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

"என்னாச்சு?"

"கடைசி மூணு வரில மேல கீழ எல்லாம் சரி," என்றாள். "எடது வலது எல்லாம் தப்பு. ஒண்ணு பாக்கியில்லாம அத்தனையும் தப்பு."

"எப்படி?"

"நர்ஸு பாதியிலேயே போய் டாக்டர கூட்டிட்டு வந்துட்டா. மறுபடியும் காட்டச் சொன்னாரு. மறுபடியும் அப்படியேதான் காட்டுனேன். அவரு என்னைய பாத்தாரு. அப்புறம் திரும்பி எனக்குப் பின்னாடி இருந்த செவத்த பாத்தாரு. சிரிச்சுட்டாரு. 'சியாப்பா சாலின்?' னு கேட்டாரு."

யார் பார்த்து எழுதியது என்று மலாயில் கேட்டிருக்கிறார்.

"நீ என்ன சொன்ன?"

"'அடிக் சாயா.' எந் தம்பின்னேன். வேற என்னத்த சொல்ல?"

அப்போதுதான் எனக்கு மண்டையில் ஏறியது. கண்ணாடியில் தெரிவது இடவலம் மாறித் தெரியும். நானே அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் கண்ணாடியைப் பார்த்துத்தான் டெஸ்ட்டை முடித்தேன். ஆனால் எழுதும்போது கண்ணாடியை விட்டுவிட்டு, சுவரைப் பார்த்து எழுதினேன். தினமும் காலையில் அதே மாதிரி ஒரு கண்ணாடியைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டவனுக்கு அது தோன்றவில்லை. ஒன்றும் தெரியாதவள் தடுமாறிக் காட்டியிருந்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தப்பியிருக்கும். என் அக்கா ஒன்றுவிடாமல் இடவலம் மாற்றிக் காட்டினாள். அத்தனை நன்றாகப் படித்திருந்தாள்.

"அப்புறம் டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. போ," என்றாள்.

அடுத்த பத்து நாள் வீட்டில் கம்பெனிச் சண்டை இல்லை. அவள் வேலைக்குப் போனாள், வந்தாள், என்னோடு பேசவில்லை. நான் என்னென்னவோ செய்து பார்த்தேன். அவளுடைய சூப்பர்வைசர் மாதிரி நடந்து காட்டினேன். தலையில் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு ஆடினேன். அம்மா மட்டும் சிரித்தாள், அதுவும் பாவம் பார்த்துத்தான்.

பதினோராவது நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. குற்றம் என்னுடையது. நானே போய் அவளுடைய கம்பெனியில் அதைச் சொல்லிவிட்டால்? பெரிய மனது வைத்து அவளை விட்டுவிடுவார்கள். என் வாழ்க்கையில் எனக்கு வந்த நல்ல யோசனை அது ஒன்றுதான்.

மத்தியானம் அரை நாள் லீவு போட்டுவிட்டு ரோட்டைக் கடந்தேன். கேட்டில் இருந்த ஜாகா, தமிழ் அண்ணன் ஒருத்தர், என் மார்பைக் கையால் தடுத்தார்.

"எங்க தம்பி, இந்தச் சட்டையோட? சிவப்புச் சட்டைய உள்ள வுட்டேன்னா நாளைக்கு எனக்கு வேல இருக்காது."

"அண்ணே, பர்சனல் ஆபீசரப் பாக்கணும். எங்கக்கா விஷயம்."

"ஒங்க கம்பெனி இங்க ஆள அனுப்பி வேவு பாக்குதுன்னு மீட்டிங் வச்சுச் சொல்லியிருக்காங்க."

"என் மூஞ்சப் பாருங்கண்ணே. என்னைய நம்பி யாராச்சும் வேவு பாக்க அனுப்புவாங்களா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். நியாயம் என்று பட்டிருக்க வேண்டும். மாட்டியிருந்த தன் மழைக்கோட்டை எடுத்துக் கொடுத்தார். மண்டை காய்கிற வெயிலில் மழைக்கோட்டைக் கழுத்துவரை பட்டன் போட்டுக்கொண்டு நான் ஆபீஸுக்குள் போனேன்.

பர்சனல் ஆபீசர், அதாவது ஆள் எடுப்பதையும் நிறுத்துவதையும் பார்க்கிறவர், ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. ரயில்வே கிளார்க், பள்ளிக்கூட வாத்தியார் என்று தலைமுறையாக ஆபீஸ் உத்தியோகம் பார்த்த குடும்பம் என்று அக்கா சொல்லியிருந்தாள். கண்டிப்பானவர், ஆனால் நல்லவர் என்றும் சொல்லியிருந்தாள். அதே அறையில் இன்னும் இரண்டு பேர் டைப் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இரும் தம்பி. வெளியில மழையோ?"

"இல்ல மேடம்."

"பிறகென்ன இது?" என்று கோட்டைப் பார்த்தார். நான் அக்காவின் பெயரையும் நம்பரையும் சொன்னேன். பைலை எடுத்துப் புரட்டினார். "உம்மட அக்கா நல்ல வேலைக்காரி எல்லோ. இவவின்ர டாக்டர் ரிப்போர்ட் இன்னும் வரேல்லை."

இன்னும் வரவில்லை என்றதும் எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. அது வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று அவசரப்பட்டேன். கிளினிக், நர்ஸ், போன், உள்ளங்கை, முள்கரண்டி என்று ஒன்று விடாமல் சொன்னேன். பதற்றம் வந்தால் எனக்குக் கோமாளித்தனமும் சேர்ந்து வரும். கரண்டியால் மண்டையில் தட்டியதை நடித்தே காட்டினேன். டைப் அடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை.

"எல்லாம் என் தப்புதான் மேடம். அக்கா மேல ஒண்ணும் இல்ல. அவங்களுக்கு இன்னொரு தடவ சான்ஸ் குடுங்க."

அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார். மறுபடி மூடினார். தணிந்த குரலில் கேட்டார். "இதச் சொல்லச் சொல்லி அக்காவோ அனுப்பினவ?"

"அவங்களுக்குத் தெரியாது மேடம்."

"இத நீர் எனக்குச் சொல்லியிருக்கக் கூடாது, தம்பி. என்னால இப்ப இதக் கேக்காத மாதிரி இருக்க ஏலாது. இந்த அறையில இன்னும் ரெண்டு பேர் இருக்கினம்."

எனக்குப் புரியவில்லை. நேர்மைக்கு மதிப்புக் கொடுக்கிறவர், யோசித்துச் செய்வார் என்று நினைத்துக்கொண்டேன். மழைக்கோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது ஜாகாவிடம், "மழை விட்டுருச்சுண்ணே," என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அக்கா நேரம் கழித்து வந்தாள். உள்ளே வந்ததும் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, ஹாலின் மறுகோடியில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் படிக்க ஆரம்பித்தாள். தேதியைப் படித்தாள். கிழமையைப் படித்தாள். அதற்குக் கீழே எறும்பு மாதிரி இருக்கும் ராகுகாலம், எமகண்டம், சூலம் எல்லாவற்றையும் நின்ற இடத்திலிருந்தே படித்தாள். முகத்தில் புதுக் கண்ணாடி.

"எங்கடி வாங்குன?" என்று அம்மா ஓடிவந்தாள்.

"டவுன்ல. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்கிட்ட இருக்குற கடைல. இன்னிக்குத்தான் குடுத்தான்." பத்து நாளுக்குப் பிறகு என் பக்கம் திரும்பினாள். சிரித்தாள். "டேய் எதிர்க் கம்பெனி, இங்கருந்து பாக்கும்போதே ஒன் மொகத்துல பரு தெரியுதுடா."

"என்னக்கா இது திடீர்னு?"

"டாக்டர் அன்னிக்கே சொன்னாரு. கண்ணு ஒண்ணும் கெட்டுப்போகல, நல்ல கண்ணாடி போட்டா போதும், ரெண்டு வாரம் கழிச்சு வா, அதுவரைக்கும் கம்பெனிக்கு ஒண்ணும் எழுத மாட்டேன்னாரு. நல்ல மனுஷன்டா. வியாழக்கிழமை போறேன். ஒங்கிட்ட சொல்லல. சொன்னா மறுபடியும் ஏதாச்சும் ஒதவி பண்ணுவ."

அம்மா கையெடுத்துச் சாமி படத்தைக் கும்பிட்டாள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னடா?"

"நான் ஒங்க ஆபீஸுக்குப் போனேன்க்கா."

"எந்த ஆபீஸு?"

"பர்சனல் ஆபீஸு. எல்லாத்தையும் சொல்லிட்டேன். எந் தப்புதான்னு..."

"எப்ப?"

"இன்னிக்கு. மத்தியானம்."

அவள் கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றி, வந்த பெட்டிக்குள்ளேயே வைத்து மூடினாள். "சாப்ட்டியா?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் குளிக்கப் போய்விட்டாள். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாளே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். டெஸ்ட்டில் ஏமாற்ற முயன்றவர்களைப் புது லைனுக்கு எடுப்பதற்கில்லை. அந்த யாழ்ப்பாணத்து அம்மா தலையை நிமிர்த்தாமலே பேசினாராம். லெட்டரில் ஏமாற்று என்ற சொல் வராமல் பார்த்துக்கொண்டாராம், அடுத்த வேலைக்கு உதவுமே என்று.

வியாழக்கிழமை அக்கா அந்தக் கிளினிக்குக்குப் போயிருக்கிறாள். கம்பெனிக்கு இனிமேல் ரிப்போர்ட் வேண்டாம் என்று போன் வந்துவிட்டதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். பரவாயில்லை, பார்த்துவிட்டே போகிறேன் என்று நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். நிலைக்கண்ணாடிக்குள் கடைசி மூன்று வரிகளும் தெளிவாகத் தெரிந்திருக்கின்றன. ஒன்றுகூடத் தப்பாமல் காட்டியிருக்கிறாள். இதை அம்மாவிடம்தான் சொன்னாள். அம்மா என்னிடம் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வருஷக் கடைசியில் பழைய லைனை மூடினார்கள். அக்காவுக்குப் பாயான் லெப்பாஸில் வேறு எங்கும் வேலை கிடைக்கவில்லை. இளம்பிள்ளைகளாகக் கேட்டார்கள். கடைசியில் அக்கரையில், புக்கிட் தெங்காவில், ஒரு பிளாஸ்டிக் பேக்டரியில் பெட்டி மடிக்கும் வேலை கிடைத்தது. எந்த வேலைக்குத் தள்ளிவிடுவார்களோ என்று பதின்மூன்று வருஷம் கண்ணாடி போடாமல் இருந்தாளோ, அதே வேலை. அதற்கும் விடியுமுன்னே பஸ் பிடித்து, பெரி ஏறிக் கடலைக் கடந்து, அந்தப் பக்கம் இன்னொரு பஸ். அட்டையின் ஓரம் கீறிக் கீறி விரலெல்லாம் கோடு. நான் அதே சோதனை அறையில் இருந்தேன். மெஷின் மூன்று தட்டாகப் பிரித்துக்கொண்டே இருந்தது. எங்கள் லேப்டாப் தட்டு மாதாமாதம் நிறைந்துகொண்டே வந்தது.

இரண்டு வருஷம் போனது. ஒருநாள் மேனேஜர் எல்லாரையும் கேண்டீனில் கூட்டி, ஆளுக்கு ஒரு பொட்டலம் சிக்கன் ரைஸ் கொடுத்தார். லேப்டாப்பில் நாம் ஜெயித்துவிட்டோம் என்றார். எதிரே இருக்கிறவர்கள் தங்கள் லேப்டாப் லைனை மொத்தமாக மூடுகிறார்கள், பெரிய ஆர்டரெல்லாம் இனி நமக்குத்தான். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். எனக்கு வேறு ஒரு சந்தோஷம் இருந்தது. பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அக்காவுக்கு அன்றைக்கு லீவு. துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எக்கா, சேதி தெரியுமா? ஒங்க பழைய கம்பெனில லேப்டாப் லைன மூடிட்டாங்க."

மடிப்பதை நிறுத்தினாள். "யாரு சொன்னா?"

"எங்க மேனேஜரே சொன்னாரு. அத்தன பேருக்கும் லெட்டரு."

"அந்தக் குட்டையா இருக்குமே, மலாய்க்கார அக்கா? மூணு பிள்ளைங்க இருக்கு அவங்களுக்கு."

"எல்லாருக்கும்தான்க்கா. ஒருத்தர விடல." இரண்டு வருஷமாகத் தூக்கிக்கொண்டு திரிந்ததை இறக்கி வைக்கப் போகிறவன் மாதிரி மூச்சு வாங்கிச் சொன்னேன். "பாத்தியா? நீ அன்னிக்குப் பாஸாகியிருந்தாலும் இதே கதிதான். எப்படியும் போயிருக்கும்."

அவள் கையில் இருந்த சட்டையை மடித்து வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். அதையும் மடித்தாள்.

"ரெண்டு வருஷம் நடந்துச்சுல்ல அந்த லைனு?" என்றாள்.

"ஆமா."

"அந்த ரெண்டு வருஷம் நான் நின்னுக்கிட்டு வேல செஞ்சிருப்பேன்டா. பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்திருப்பேன்."

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சும்மா, கடைக்குப் போக மறந்துவிட்டதைச் சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு பொட்டலத்தைப் பிரித்து, கோழியை எனக்கும் அம்மாவுக்கும் பங்கு வைத்துவிட்டு, அவளுக்கு வெறும் சோற்றை எடுத்துக்கொண்டாள்.

"நீயும் கோழி வச்சுக்கோக்கா."

"வேணாம்டா. ஒங்க கம்பெனி ஜெயிச்சதுக்குக் குடுத்தது. நீ சாப்பிடு."

சாப்பிட்டேன்.